டாயல் கூட்டிச் சொன்ன பதினைந்து குதிரை

அமரில்லோவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் டாயல் ப்ரூவெட்டைத் தெரியாமல் இருக்காது. பிடிக்காமல் இருக்கலாம். ஊருக்குத் தெற்கே, மாட்டுப்பட்டி வாடை வீசும் நெடுஞ்சாலையோரம், ஒரு தகரக் கொட்டகையில் டைனோ மெஷின் வைத்து முப்பது வருடம் பிழைத்தவர். தரையில் பதித்த பெரிய இரும்பு உருளைதான் மெஷின். அதன்மேல் வண்டியின் பின்சக்கரங்களை ஏற்றி, முன்னும் பின்னும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேருகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆயிரக்கணக்கில் டாலர் இறைத்துப் புகைக்குழாய் மாற்றி, உறுமலைக் கூட்டிக்கொண்டு மார்பை நிமிர்த்தி வரும் ஆண்பிள்ளைகள், பத்து நிமிடத்தில் காகிதத்தை வாங்கிக்கொண்டு முகம் தொங்கிப்போவார்கள்.

அது மெஷினின் குற்றம் இல்லை, ஆளின் குணம். அமரில்லோ மேட்டு நிலம், காற்று அடர்த்தி குறைவு. அதனால் வரும் எண்ணை அன்றைய சூடு, காற்றழுத்தம், ஈரம் பார்த்துத் திருத்திச் சொல்ல வேண்டும். திருத்துவதற்குக் கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று கறார்; மற்றது தாராளம், நூற்றுக்கு நான்கு கூட்டிக் காட்டும். ஒரு தட்டுத் தட்டினால் இதிலிருந்து அதற்கு மாறிவிடலாம். மற்ற கடைக்காரர்கள் தாராளத்தில் வைத்துவிட்டு வாடிக்கையாளரின் முதுகைத் தட்டி அனுப்புவார்கள். டாயல் அந்தப் பக்கம் விரல் வைத்ததே இல்லை. ஷெரீப்பின் தம்பி வந்து கேட்டும் வைக்கவில்லை. சர்ச் பாதிரியாரின் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கெஞ்சியும் வைக்கவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்த மனைவி விவாகரத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவள் எந்தப் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து கேட்டாலும் இந்த மனிதர் யோசித்துப் பார்த்துப் பதில் சொல்வார் என்பது. எனக்கு அவள்மேல் தப்பே தெரியவில்லை.

அவருக்கு மிஞ்சியிருந்த சொந்தம் தங்கை நெல்டா. அவளைக் கட்டிய ராய்ஸ் ஹான்லி, டாயலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். மின்கம்பி வேலைக்காரர், பனிப்புயலிலும் கம்பம் ஏறுகிற ஆள். டாயல் எவ்வளவு கறாரோ ராய்ஸ் அவ்வளவு வாயாடி. சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டே வருகிறவன் போகிறவனை எல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"உன் மெஷின்மேல பைபிளத் தூக்கி வச்சாலும், இதுல பாதிதான்டா உண்மைன்னு சொல்லும்" என்பார். டாயல் சிரிக்க மாட்டார். ஆனால் ஏதாவது ஒரு சனிக்கிழமை ராய்ஸ் வராவிட்டால் அன்று முழுக்கப் பொருளைக் கீழே போட்டுக்கொண்டே இருப்பார்.

ராய்ஸுக்கு ஒரே ஒரு ஆசை. அவருடைய வெள்ளை பிக்கப், ஆறு லிட்டர் எஞ்சின், அதில் சூப்பர்சார்ஜர் ஏற்றிச் சக்கரத்துக்கு நானூறு குதிரை வரவைக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, பெல்ட்டால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். ஏற்றுவதற்கு முன்னால் அளக்காதவன் ஏற்றிய பிறகு பேசக் கூடாது என்பது டாயலின் கடைச் சட்டம். அப்படி இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில் ராய்ஸின் வண்டியை உருளைமேல் ஏற்றி அளந்தார்கள். இருநூற்று ஐம்பத்தொன்று. ராய்ஸ் அந்த எண்ணை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டு இன்டர்நெட்டின் கடவுச்சொல்லில்கூட அதைச் சேர்த்திருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஓவர்டைம் பார்த்து சூப்பர்சார்ஜரை வாங்கினார். பெட்டி வந்து இறங்கிய மாதம்தான் முதுகுவலி என்று டாக்டரிடம் போனார். கணையத்தில் புற்றுநோய்.

பெட்டி பிரிக்காமலே டாயலின் கடை மூலையில் கிடந்தது. சிகிச்சை முடியட்டும், உடம்பு தேறட்டும் என்று ராய்ஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முதல் நாளே டாக்டரிடம் ஒன்று சொல்லியிருந்தார்: எனக்கு நாள் கணக்கு எதுவும் சொல்லக் கூடாது, சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் என் மனைவியிடம் சொல்லுங்கள், நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்லக் கூடாது. நாற்பது வருடம் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றவர், கீழே பார்க்காமல் இருந்தால்தான் ஏற முடியும் என்று பழகியவர்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் மருந்தை நிறுத்தினார். உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று ராய்ஸிடம் சொன்னார். ராய்ஸ் அதை லீவு விட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். டாக்டர் நெல்டாவைத் தனியே அழைத்து, மூன்று வாரம் என்றார்.

அடுத்த நாள் காலையில் நெல்டா கடைக்கு வந்தாள். வண்டியிலிருந்து இறங்கவில்லை. டாயல் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மூன்று வாரத்தை அவள் அங்கேதான் சொன்னாள். பிறகு பெட்டியைப் பிரித்து உடனே வேலையைத் தொடங்கச் சொன்னாள். டாயல் தலையாட்டினார். அதோடு விடவில்லை அவள்.

"நானூறு வரணும் டாயல்."

வருவது வரும் என்றார் டாயல்.

"வரலேன்னா வரவை. அவர் ஓய்வுல இருக்கோம், தேறிடுவோம்னு நம்பிட்டிருக்கார். இது நடந்துட்டா இன்னும் தெம்பா இருப்பார். உன் கறாரை என் புருஷன்கிட்ட காட்டாத. வாழ்க்கைல ஒரே ஒரு தடவை, எனக்காக."

நெல்டா அழவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டாயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்யச் சொன்னாள். ராய்ஸுக்கு எதுவும் தெரியவிடக் கூடாது, நானூறுக்குக் குறைந்து வரக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்து. டாயல் செய்தார்.

ஒரு வாரத்துக்கு வேறு வண்டி எதையும் உள்ளே விடவில்லை. ராய்ஸ் தினமும் வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார், வாய் மட்டும் முழுசாக இருந்தது. பழைய காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றும்போது, என் பித்தப்பையை எடுத்த டாக்டரைவிட நீ நிதானமாக இருக்கிறாயே என்றார். பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், நீளப் பெல்ட், காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. ராய்ஸ் ஒரு போல்ட்டையாவது தானே முறுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். டாயல் கை கொடுத்து எழுப்பினார். முறுக்கிவிட்டு உட்கார்ந்த பிறகு ராய்ஸுக்கு மூச்சு சீராகக் கால்மணி நேரம் ஆனது. டாயல் பின்பக்கம் போய் எண்ணெய் டப்பாக்களை அடுக்குவது போல நின்றுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அளந்தார்கள். காற்று இல்லாத, வெயில் தெளிந்த நாள். அமரில்லோவில் அப்படி ஒரு நாள் கிடைப்பதே பெரிய விஷயம். வண்டியைப் பின்வாட்டமாக உருளைமேல் ஏற்றி, பட்டைகளை இறுக்கி, முன்னால் ஆளுயர மின்விசிறியைப் போட்டார் டாயல். நெல்டா கதவோரம் நின்றாள். கம்ப்யூட்டர் திரை ராய்ஸுக்கு முதுகைக் காட்டியிருந்தது.

முதல் ஓட்டம். எஞ்சின் சத்தத்துக்கு மேலே சூப்பர்சார்ஜர் கூவுகிற கூவல் எழுந்து தகரக்கூரை அதிர்ந்தது. ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முந்நூற்று எண்பத்து நான்கு. எஞ்சினை ஆறவிட்டு மறுபடி ஓட்டினார்கள். முந்நூற்று எண்பத்தாறு. மூன்றாவது முறையும் அதே எண்பத்தாறு. அதற்குமேல் திணித்தால் எஞ்சின் தாங்காது. டாயல் வண்டியிலிருந்து இறங்கித் திரையின் முன்னால் நின்றார். எதிரே நெல்டாவின் முகம். முப்பது வருடமாகத் தொடாத இடத்தைத் தொட்டு, கறாரைத் தாராளம் ஆக்கினார். எண் மாறியது.

"நானூத்தி ஒண்ணு" என்றார் டாயல்.

குரல் அவருடையது மாதிரியே இல்லை. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியையே பார்த்தார். நெல்டா ஓடி வந்து அவர் தலையில் முத்தமிட்டாள். டென்வரில் இருக்கும் மகளிடம் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

காகிதத்தைக் கொடு என்றார் ராய்ஸ். கடை வழக்கப்படி முன் அளவும் பின் அளவும் ஒரே காகிதத்தில் இரண்டு கோடாக வரும். டாயல் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். பொய் சொல்லிப் பழகியவனாக இருந்தால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்திருப்பான்.

ராய்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மேல் கோட்டைப் பார்த்தார். கீழ்க் கோட்டைப் பார்த்தார். அப்புறம் கீழ்க் கோட்டிலேயே நின்றுவிட்டார்.

"என் வண்டி இருநூத்தி ஐம்பத்தொண்ணுடா" என்றார். "இதுல இருநூத்தி அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

டாயலுக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கை மாற்றினால் கம்ப்யூட்டர் காகிதத்தில் உள்ள எல்லாக் கோட்டையும் சேர்த்துத்தான் மாற்றும். இரண்டு வருடத்துக்கு முந்தைய அளவும் பத்துக் குதிரை கூடிப்போயிருந்தது.

"நிஜமா எவ்வளவு வந்துச்சு?"

"முந்நூத்தி எண்பத்தாறு."

"நல்ல எண்தானடா அது. அதுக்கே நான் சந்தோஷப்பட்டிருப்பேனே." ராய்ஸ் காகிதத்தை முழங்கால்மேல் வைத்து நீவிவிட்டார். "ஷெரீப் தம்பிக்குச் செய்யல. பாதிரியார் பையனுக்குச் செய்யல. எனக்குச் செஞ்சிருக்க."

வெளியே நெல்டா மகளிடம் சிரித்துப் பேசுவது கேட்டது. டாயல் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த நிமிடத்தில் கறாராகவே இருந்து தொலைத்திருக்கலாமே என்று தன்னைத் தானே சபித்துக்கொண்டார்.

"எத்தனை நாளாம்?" என்று கேட்டார் ராய்ஸ்.

சத்தியம் செய்திருக்கிறேன் என்றார் டாயல்.

"பாதியை நீயே சொல்லிட்ட. மீதியையும் சொல்லு. கூட்டாம சொல்லு."

"மூணு வாரம்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம், செவ்வாய்க்கிழமை."

ராய்ஸ் விரலை மடக்கி எண்ணினார். மின்கம்பி இழுத்துக் காய்த்துப்போன, இப்போது எலும்பு மட்டுமாக இருக்கும் விரல்கள். பன்னிரண்டில் வந்து நின்றார். பயந்திருந்தார், அது முகத்திலேயே தெரிந்தது. மின்கம்பத்தின் உச்சியில்கூடப் பயப்படாதவர் பயந்ததை டாயல் அன்றுதான் கண்டார். பக்கத்தில் போய் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயது ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், அந்த ஊரில் அப்படியெல்லாம் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

"எனக்குத் தெரியும்னு நெல்டாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் ராய்ஸ். "அவ இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சிருக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

நெல்டா உள்ளே வரும்போது ராய்ஸ் காகிதத்தை உயர்த்திக் காட்டினார். நானூற்று ஒன்று, உன் அண்ணன் மெஷினே ஒத்துக்கொண்டுவிட்டது பார் என்றார். தேறியதும் முதல் வேலையாக இந்த வண்டியிலேயே மகளைப் பார்க்க டென்வர் போகலாம் என்றும் சொன்னார். எந்த வழியாகப் போவது, எங்கே நிறுத்திச் சாப்பிடுவது என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனார். நெல்டாவும் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றாள். டாயல் பட்டைகளை அவிழ்க்கப் போனார். ஒரு பட்டையை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

ராய்ஸ் பன்னிரண்டையும் தாண்டிப் பதினாறாம் நாள் போனார். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. அதுவரை நெல்டாவிடம் டென்வர் பயணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். பெண்கள் கொண்டுவந்த பீன்ஸும் சோள ரொட்டியும் பீகான் கொட்டை போட்ட பலகாரமும் நீள மேசையில் பரப்பியிருந்தன. டாயல் தட்டை எடுக்காமல் சுவரோரம் நின்றார். நெல்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

"கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியவே இல்ல டாயல்" என்றாள். "ஒரு நாள்கூட பயப்படாமப் போனார். நீ அன்னைக்கு எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொன்ன பாரு, அதனாலதான்." அவர் கண்ணை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குத் தெரியலதானே?"

வாழ்நாள் முழுக்க எதைக் கேட்டாலும் யோசித்துப் பதில் சொன்ன மனிதர், அன்று யோசிக்கவில்லை.

"தெரியல நெல்டா" என்றார். "அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."