பெட்டிக்குள் போட்ட மரச்சீவல்

மகளைக் கட்டிக்கொடுத்த மறுமாதம் நான் ஏழு நாட்டுக்கோழிகள் வாங்கினேன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர், மீன் வைக்கிற பழைய பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்றைக் கொண்டுவந்து, முன்பக்கத்தை அறுத்து, செங்கல்மேல் வரிசையாக வைத்தார். கோழிகள் முட்டையிட இடம் தயார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே எதை விரிப்பது என்பதில்தான் வம்பு தொடங்கியது. முதலில் கடற்கரை மணலைப் போட்டேன். கோழிகள் கிளறிக் கிளறி அடித்தட்டு வரை போய்விட்டன. முட்டைகள் பிளாஸ்டிக்கில் மோதிக் கீறல் விட்டன. அடுத்து தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டேன். சாம்பல் நிறக் கோழியின் காலில் அது சுற்றிக்கொண்டு விரல் வீங்கிவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். என் பிறந்த வீடு ஆழ்வார்திருநகரிப் பக்கம், வயல்காடு. தம்பியிடம் சொன்னால் ஒரு கட்டு வைக்கோல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவான். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“உங்க ஊரு வைக்கோல்ல பேன்தான் வரும். நான் நல்லதாக் கொண்டாரேன்.”

மறுநாள் ஒரு மூட்டை மரச்சீவலோடு வந்தார். தெருமுனை மரப்பட்டறையில் சும்மா கொடுத்தார்களாம். சுருள் சுருளாக, தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் மூட்டையை அவிழ்த்ததும் மூக்கில் ஒரு நெடி ஏறியது.

“மருந்து வாடைல்லா அடிக்கி?”

“மரம்னா வாடை அடிக்கத்தான் செய்யும். எத்தன கப்பல்ல மரம் இறக்கியிருக்கேன். எனக்குத் தெரியாததா?”

கோழிகள் பெட்டிப் பக்கமே போகவில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் முட்டையிட்டன. அவருக்கு அது பொறுக்கவில்லை.

“பழகணும்ளா. ரெண்டு நாள் உள்ள போட்டு அடை.”

அடைத்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளி, தண்ணீரும் சோறும் வைத்து, முன்னால் பலகையைச் சாத்தியது நான்தான்.

மூன்றாம் நாள் பலகையை எடுத்தபோது கண்களில் நீர் வடிய, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கழுத்தில் இறகில்லாத கோழி முதலில் செத்தது. அந்த வாரத்திலேயே ஐந்து போய்விட்டன. ஒவ்வொன்றையும் முருங்கை மரத்தடியில் நான்தான் குழிதோண்டிப் புதைத்தேன். அவர் மகளுக்குப் போன் போட்டார்.

“உங்கம்மா ஊசிப்போன சோத்தப் போட்டுக் கொன்னுட்டா.”

பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார். மகளும் நம்பினாள், நானும் நம்பினேன். தீவனச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எந்த நாள் சோறு, எந்தக் கஞ்சி என்று யோசித்து யோசித்து மனசு புண்ணாகிப் போனது.

பத்து நாள் கழித்துக் கதவுக்குக் கொண்டி மாட்ட அந்தப் பட்டறை ஆசாரி வந்தார். பின்பக்கம் போனவர் முருங்கையடியில் நான் கொட்டி வைத்திருந்த சீவலைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அக்கா, இத எதுக்குப் போட்டீய?”

“கோழிக்கு.”

“அய்யோ. செல்லு அரிக்காம இருக்க மருந்துல ஊறப்போட்ட பலகை அது. அடுப்புலகூட வைக்காதீயன்னு அண்ணாச்சிட்ட சொன்னேம்லா. கோழிக்கான்னும் கேட்டேன். இல்ல, வாசல்ல சகதி, மேல தூவணும்னாவ.”

ஆசாரி போனபிறகு உள்ளே போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசாரி சொல்லித்தான் தந்தாராம்லா?”

திரும்பவில்லை. “அவனுக்கு என்ன தெரியும்? கோழிதானளா, வேற வாங்கிக்கிடலாம்.”

“மகள்ட்டயாவது சொல்லுங்க.”

“என்னத்த?”

“நான் கொல்லலன்னு.”

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நல்லதாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார். வெறுங்கையோடு வர மனசில்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? மகளிடம் நானே சொன்னேன். “விடும்மா, அப்பாவப் பத்தித் தெரியாதா?” என்றாள். அவளுக்கு அது சின்ன விஷயம். அப்பாவைத் தெரிந்தவள், அன்றைக்கு அவர் சொன்னதை ஏன் நம்பினாள் என்று நான் கேட்கவில்லை.

பெட்டிகளை மூன்று முறை கழுவி வெயிலில் காயவைத்தேன். தம்பி வைக்கோல் அனுப்பினான். வாடையில்லாத, பொன் நிற வைக்கோல். உதறிப் பார்த்தேன், ஒரு பேன்கூட இல்லை. மிஞ்சிய இரண்டில் ஒன்று அதன்பின் முட்டையிடவே இல்லை. மற்றது சில மாதம் கழித்து இடத் தொடங்கியது. காலையில் அவர் ஆம்லெட் கேட்கிறார். போட்டுக் கொடுக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.