கொல்லையில் பொரித்த முட்டை

அப்பா முட்டையை ஒரே கையால் உடைப்பார். சட்டியின் விளிம்பில் ஒரு தட்டு. ஓடு இரண்டாகப் பிரிந்து அவர் விரல்களிலேயே நிற்கும், கரு கலையாமல் எண்ணெயில் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குவைத்திலிருந்து வரும் அந்த மனிதரிடம் எனக்கு முதலில் பழக்கமானது அந்தக் கைதான்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சாமி படம் இருக்கும் அடுப்படிக்குள் அம்மா முட்டையை விடமாட்டாள். அதற்கென்று தனிச் சட்டி, கொல்லையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். எனக்கு ஏழு வயதானபோது வந்த விடுப்பில், அப்பா தினமும் அங்கே உட்கார்ந்து விதவிதமாகப் பொரித்துக் கொடுத்தார். கரு தளும்பும் ஆஃப்பாயில், திருப்பிப் போட்டது, தக்காளியோடு கிளறியது, ஓரம் முறுகிய ஆம்லெட். பிலிப்பைன்ஸ்காரனுக்குக் கரு ஆட வேண்டும், எகிப்துக்காரனுக்குத் தக்காளி இல்லாமல் இறங்காது, நம் ஆளுக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பொரிப்பார். ஊருக்கெல்லாம் அவர் சூப்பர்வைசர் என்றுதான் அம்மா சொல்லிவைத்திருந்தாள். இரண்டும் ஒட்டவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு காலை, நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையோடு வந்த பெரியப்பா கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெரியப்பா, உங்களுக்கு எப்படி வேணும்? அங்க முந்நூறு பேருக்கு அப்பாதான் போட்டுத் தருவாங்க."

பெரியப்பா அப்பாவின் கையைப் பார்த்துச் சிரித்தார். "அதானே. சூப்பர்வைசருக்கு ஏது இத்தனை சூட்டுத் தழும்புன்னு பாத்தேன்."

அப்பா ஒரு முட்டையை உடைத்து, மிளகு தூவி, தட்டைத் தன் அண்ணனிடம் நீட்டினார். பெரியப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அம்மா ஒரு வாரம் குழாயடிக்குப் போகவில்லை. அப்பா அதன்பின் ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை. விடுப்பு முடியுமுன்பே கிளம்பிவிட்டார். கம்பெனி கூப்பிட்டதாக அம்மா சொன்னாள். கூப்பிட்டிருக்கலாம். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால், செய்தது தப்பு என்றாவது தெரிந்திருக்கும்.

அப்பா இப்போது தஞ்சாவூரில் எங்களோடு இருக்கிறார். நேற்று என் மகள் நோட்டோடு வந்து நின்றாள். வீட்டில் உள்ளவர்களைப் பற்றி எழுதி வரப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா குவைத்தில் என்ன வேலை பார்த்தார் என்று அவரிடமே கேட்டாள்.

சூப்பர்வைசர் என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். பிள்ளைக்குப் பொய் எழுதக் கொடுப்பதா? உண்மையைச் சொல்லி அவரை இன்னொரு முறை தலைகுனிய வைப்பதா? அதற்குள் அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாவக் கேளு பாப்பா. அவதான் சரியாச் சொல்லுவா."

அது குத்தலா, சம்மதமா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "சமையல்" என்றேன். அவள் எழுதினாள். அப்பா எட்டி நோட்டைப் பார்த்தார்.

"ஹெட் குக்குன்னு போடச் சொல்லு. கடைசி ஆறு வருஷம் ஹெட் குக்கு."

அந்த ஆறு வருடத்தில் மூன்று முறை ஊருக்கு வந்திருக்கிறார். மூன்று முறையும் நான் பேருந்து நிறுத்தத்துக்கே போய் அவர் பெட்டியைத் தூக்கி வந்திருக்கிறேன். அவர் ஒரு முறைகூட அதை எங்களிடம் சொல்லவில்லை. மகள் அழிப்பானைத் தேடிக்கொண்டிருந்தாள்.