சூசையப்பருக்கு வசனம் கிடையாது

நான் முழு மனதாக வெறுத்த முதல் ஆள் ஒரு கொரியாக்காரன். என்னை அவனுக்குத் தெரியாது. நான் பட்டாபிராம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு வேர்த்துக்கொண்டு நிற்கும்போது, அவன் எங்கோ பனியில், நீளமான கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பெண்ணுக்காகக் கையில் காபியோடு நின்றுகொண்டிருப்பான். எவ்வளவு நேரம் நின்றாலும் அந்தக் காபி ஆறாது. எனக்கு வந்த முதல் கடுப்பு அதுதான்.

அவனை எனக்கு அறிமுகப்படுத்தியவள் பக்கத்துத் தெருக்காரி. கல்லூரியில் என் வகுப்பு, இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் என் அலுவலகம். யாரோ அமெரிக்காக்காரனுடைய ஆஸ்பத்திரி பில்லை இங்கே உட்கார்ந்து தட்டுகிற வேலை. போகும்போதும் வரும்போதும் ஒரே ரயில், ஒரே போன், ஒரே இயர்போன். வலது காது அவளுக்கு, இடது காது எனக்கு. அவளை எனக்குப் பிடிக்கும் என்பதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. காதுக்குக் காது ஒயர் ஓடுகிறது, தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று ஒரு மிதப்பு.

அவள் பார்ப்பது எல்லாமே அந்தப் பக்கத்து சீரியல்கள். சீனாக்காரன் முடியை இடுப்புவரை வளர்த்துக்கொண்டு மூங்கில் மேல் பறப்பான். ஜப்பான்காரன் காதலைச் சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பான், சொன்ன பின்னாலும் கேட்பான். கொரியாவில் கதாநாயகன் பணக்காரனாக இருப்பான், கத்துவான், பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அவனுடைய அம்மா அந்தப் பெண்ணின் மூஞ்சியில் தண்ணீரை ஊற்றுவாள். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தன் இருப்பான். குடை பிடிப்பான், காபி வாங்கி வருவான், அவள் அழுதால் பக்கத்தில் உட்காருவான். கடைசியில் அவனுக்குப் பெண் கிடைக்காது. அவனுக்குப் பெயர் செகண்ட் லீட். இவளுக்கு உயிர் அவன்மேல்தான்.

"இந்தாளு இன்னா பேசவே மாட்டேங்கிறான்? ஊமையா?" என்றேன் ஒருநாள், கோட்டுக்காரனைக் காட்டி.

"ஷ்ஷ். நடிக்கிறான்டா."

"நிக்கிறதுக்குப் பேரு நடிப்பா? அப்ப அன்னனூர்ல சிக்னலுக்கு நிக்கிற நம்ம ட்ரெயினுக்கும் ஒரு அவார்டு குடு."

"எவன் ஓணா கையப் புடிச்சு இஸ்துகினு போவான். விட்டுட்டு நிக்கிறான் பாரு, அதுக்குத்தான் நடிப்பு ஓணும். உன்னால முடியுமா?"

"எதுக்கு உட்டுட்டு நிக்கணும்? லூசா நானு?"

அவள் திரையைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் இமைக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், தோள் இடிக்கிற தூரத்தில். அந்தப் பார்வை என்மேல் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

அவனிடம் குறை கண்டுபிடிப்பதே எனக்குத் தினசரி வேலையாகப் போனது. தோல் என்ன இப்படி வெள்ளைக் கத்தரிக்காய் மாதிரி மினுக்குகிறது? அழும்போது மூக்கு ஒழுகாதா? எங்கள் வீட்டில் ஓடுகிற மெகா சீரியலில் ஒருத்தி அழுதால் மூன்று தடவை இடி இடிக்கும், மூஞ்சிக்கு மூஞ்சி கேமரா பாயும். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. இவன் ஒரு கண்ணில் மட்டும் ஒரு சொட்டு விடுவான். மற்ற கண்ணுக்கு என்ன லீவா?

ஆனாலும் ஒரு காட்சியில் என்னிடம் சரக்கு தீர்ந்துபோனது. அந்தப் பெண் கதாநாயகனோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். கோட்டுக்காரன் எதிரில் உட்கார்ந்து அவளுக்காக ஆரஞ்சு உரிக்கிறான். தோலை உரித்துவிட்டான். போன் முடியவில்லை. சுளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுக்கிறான். அதுவும் தீர்ந்துவிட்டது. இல்லாத நாரைத் தேடி விரல் சுளைமேல் போய்வருகிறது. மூஞ்சியில் ஒன்றுமே இல்லை. எல்லாம் அந்த விரலில் இருந்தது. திருமுல்லைவாயல் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா, சத்தத்தக் காணோம்?" என்றாள் அவள்.

"ஆரஞ்சு புளிப்பா இருக்கும்" என்றேன்.

அவன் மோசமாக நடித்திருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் பேசாமல் நின்று பார்த்தேன். எட்டிப் பார்த்த அம்மா, "வயிறு சரியில்லையா? ஓமத் தண்ணி தரட்டா?" என்றாள்.

டிசம்பர் வந்தது. எங்கள் ஏரியா மாதா கோயிலில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் நாடகம் போடுவார்கள். ஆள் பற்றாக்குறையால் எந்த மதத்துப் பிள்ளையையும் இழுத்து மேடையில் ஏற்றுவது வழக்கம். எங்கள் வீட்டில் சாமி முருகன்தான். இருந்தும் மூன்றாம் வகுப்பில் நான் ஒட்டகத்தின் பின்னங்கால். அவள் கோயில் பிள்ளை. இந்த வருஷம் இளையோர் குழு நாடகத்தை எழுதி இயக்குகிற பொறுப்பு அவளிடம் வந்திருந்தது.

"நீ சூசையப்பர் பண்றியா?" என்று ரயிலில் கேட்டாள். மாதாவுக்கு நிச்சயம் செய்திருந்த தச்சர். குழந்தை தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

"எத்தினி டயலாக்?"

"ஒண்ணுகூட கெடயாது. பைபிள்ல அவரு ஒரு வார்த்தகூடப் பேசல. நானும் எழுதல."

"பேசாத ஆளுக்கு நான் எதுக்கு? ஒரு தட்டிய நிறுத்தி தாடி ஒட்டிடு."

"டேய், அவருதான்டா செகண்ட் லீட்டு. ஒலகத்துலயே மொத செகண்ட் லீட்டு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டது. அந்தக் கோட்டுக்காரன் மாதிரி நிற்கச் சொல்கிறாள், என்னை! "அதான் ஓணாங்கறேன். வாயத் தொறக்கிற கேரக்டர் எதுனா கீதா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சத்திரக்காரன் கீறான்" என்றாள். "அவங்க ராத்தங்க எடம் கேட்டு வருவாங்க. 'இங்க எடமில்ல, போங்க'ன்னு கதவச் சாத்தணும். ஒரே டயலாக்."

"ஒண்ணு, பூஜ்யத்த விடப் பெருசு" என்றேன். பெரிய புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது அப்போது.

சூசையப்பருக்கு சேக்காட்டிலிருந்து ஒருத்தன் வந்தான். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கப் புதிதாகச் சேர்ந்தவன். எம்.எஸ்ஸி. படிக்கிறான். உயரம். முடி தானாகவே நெற்றியில் வந்து விழுகிறது. நான் அதற்காக மூன்று மாதம் முடி வளர்த்து, மேனேஜரிடம் திட்டு வாங்கி வெட்டியிருந்தேன்.

முதல் ஒத்திகையில் அவன் மரம் மாதிரி நின்றான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவள் அவனைக் கோயில் ஹாலின் பெஞ்சில் உட்காரவைத்து போனை எடுத்தாள். அந்த ஆரஞ்சுக் காட்சியைப் போட்டாள். இயர்போனின் வலது பக்கத்தைத் தன் காதில் வைத்தாள். இடதை அவன் காதில் வைத்தாள்.

நான் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக ஓங்கிக் குத்தினேன். அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அந்த இடது பக்கத்தில் ரப்பர் கழன்று, நான்தான் என் பழைய இயர்போனிலிருந்து எடுத்து மாட்டிக் கொடுத்திருந்தேன்.

காட்சி முடிந்து அவன் என்னிடம் வந்தான். "மாமே, அவரு விரல்லயே பேசறாரு. எனக்குக் கைய எங்க வெக்கிறதுன்னே தெரில. நீ சொல்லேன்."

"இடுப்புல வெய். கெத்தா இருக்கும்."

அப்படியே வைத்துக்கொண்டு மேடை ஏறினான். "இன்னா நீ, சூசையப்பரா, ட்ராஃபிக் போலீஸா?" என்று அவள் கத்தினாள். ஹாலே சிரித்தது. அவனும் சிரித்தான். நான் சொல்லித்தான் வைத்தேன் என்று அவன் சொல்லவே இல்லை. ஒரு கெட்டவனாகவாவது இருந்து தொலைந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ரயிலில் சீரியல் ஓடும், ஆனால் பேச்சு அவனைப் பற்றி. "நேத்து கவனிச்சியாடா, மாதா கையிலேர்ந்து மூட்டைய வாங்கினான் பாரு, நான் சொல்லவே இல்ல, அவனா பண்ணான்." நான் தலையாட்டுவேன். கொரியாவில் இருப்பவன் பட்டாபிராமுக்கு வரமாட்டான் என்ற ஒரே ஆறுதலும் போய்விட்டது. சேக்காடு ஷேர் ஆட்டோ தூரம்.

நாடகத்தன்று கோயில் மைதானம் நிரம்பியிருந்தது. சீரியல் லைட்டு, வெளியே பஜ்ஜிக் கடை, முதல் வரிசையில் ஃபாதர், இரண்டாவது வரிசையில் என் அம்மா. மேடையில் தெர்மோகோல் கதவுக்குப் பின்னால் நான், தலையில் முண்டாசோடு. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். எதிரில் ஒட்டுத் தாடியோடு அவன். பக்கத்தில் மாதாவாகப் பத்தாம் வகுப்புப் பெண், வயிற்றில் தலையணை.

சொல்லிவிட்டுச் சாத்த வேண்டியதுதான். ஆனால் அவன் தோளுக்கு மேலே, திரைச்சீலை ஓரத்தில் அவள் நிற்பது தெரிந்தது. கையில் ஸ்கிரிப்ட். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் இமைக்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்ரா நீ?" என்றேன்.

அவன் திகைத்தான். ஸ்கிரிப்டில் அது இல்லை.

"எந்த ஊரு? நாசரேத்தா? அங்கேர்ந்து இங்க இன்னா வேல ஒனக்கு?"

கூட்டம் சிரித்தது. எனக்கு ஏறிக்கொண்டது. "கேக்கறேன்ல? வாய்ல இன்னா கொழுக்கட்டயா?" விசில் பறந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று அவள் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் பேசமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த தைரியத்தில்தான் மனசுக்குள் இத்தனை நாளாக இருந்ததைக் கேட்டேன்.

"இந்தப் பொண்ணு ஒனக்கு இன்னா ஓணும்? சொல்லு. இன்னா ஓணும்?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் கேட்டது திரைச்சீலை ஓரத்தில் நின்றவளைப் பற்றி. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்டது சூசையப்பரிடம் கேட்ட கேள்வியாக. அந்தக் கதையில் அவரிடம் யாருமே கேட்காத கேள்வி.

அவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் பயந்து நின்ற பெண்ணைப் பார்த்தான். அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டான். தன் துண்டை எடுத்து, பனி விழுகிற மாதிரி, அவள் தலையில் போர்த்தினான். முனையைச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தான். பிறகு நிமிர்ந்தபோது அவன் கண்ணிலிருந்து தாடிக்குள் ஒரு சொட்டு இறங்கியது. ஒரே கண். ஒரே சொட்டு.

யாரோ ஒரு அம்மா, "சேசுவே" என்று விம்மினாள். இரண்டாவது வரிசையிலிருந்து என் அம்மா எழுந்தே விட்டாள். "டேய் பாவி, அந்தப் புள்ளைங்களுக்கு எடம் குடுடா!"

அவன் திரும்பி அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த ஒரு வசனத்துக்காக அந்த வேஷத்தை வாங்கினேனோ, அதைச் சொல்லவே இல்லை. கைதட்டல் அடங்க வெகு நேரமானது. எனக்கில்லை.

நாடகம் முடிந்து ஜெனரேட்டர் பக்கமாக முண்டாசை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கேள்வி ஸ்கிரிப்ட்ல இல்ல" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"அத ஏன்டா அவன்கிட்ட கேட்ட? எங்கிட்ட கேட்டிருக்கணும்."

புரிந்துகொண்டிருக்கிறாள். "சரி, ஒங்கிட்டயே கேக்கறேன். அவன் ஒனக்கு இன்னா ஓணும்?"

ஸ்கிரிப்டைச் சுருட்டினாள், பிரித்தாள். "காலைல கேட்டிருந்தா ஒண்ணுமே இல்லன்னு சொல்லிருப்பேன்டா. சத்தியமா. நீ அப்டி கேட்டப்போ அவன் நின்னான் பாரு..." நிறுத்தினாள். "இப்ப தெரில."

அதற்குள் அவனே ஓடி வந்துவிட்டான். "மாமே! இன்னா மாமே இப்டி பண்ட்ட? ஒரு நிமிஷம் உயிரே பூடுச்சு!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். "ரிகர்சல்ல ஒரு தபாகூட அழுக வரல. நீ கேட்டதுலதான் வந்துச்சு. எல்லாம் ஒன்னாலதான்."

"ஆமா" என்றேன். அவன் முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

விலகி நின்றபோது குறை தேடினேன், ரயிலில் தேடுகிற மாதிரியே. மூக்கு சிவந்திருந்தது, முடி கலைந்திருந்தது. கண்ணீர் இறங்கிய பக்கம் பசை விட்டு, தாடி பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கேவலமாக இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இரு, ஆடாத" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே அவள் கிட்டே போனாள். தொங்கிய தாடியைத் தூக்கி, கட்டை விரலால் கன்னத்தில் அழுத்தி ஒட்டினாள். ஒட்டிக்கொண்ட பிறகும் விரலை எடுக்கவில்லை. நாடகம் முடிந்து நாற்காலியெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாடியை ஒட்டவேண்டிய அவசியமே இல்லை.