ஆற்றுக்கு உமி தூவும் சியாம்

நான் மீன் கழுவிய தண்ணீரை வடிகானுக்குள் ஊற்றப் போனால், எங்கிருந்தோ ஓடி வந்து ஒரு கறிவேப்பிலையை அதில் போடுகிறான் சியாம். இலை கானின் முடக்கைத் தாண்டும்வரை குந்தியிருந்து பார்க்கிறான். "இன்னொரு கோப்பை ஊத்துங்க ராத்தா. இலை ஓரத்துல முட்டிட்டு." வயது முப்பத்து நான்கு. நீர்ப்பாசன வேலை. என் கடைசித் தம்பி.

தேநீரையும் உடனே குடிக்க மாட்டான். நுரை சுற்றி ஓய வேண்டும். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்தால் முதல் ஆளாக இறங்கி வந்து, பின்னால் வரும் சனத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். "நடுவால வாறவங்க வேகம். ஓரத்தால வாறவங்க செருப்புத் தேடுறாங்க. ஆறும் இப்படித்தான்."

ஊர் மருதமுனை என்றாலும், வேளாண்மைக் காலத்தில் வரிப்பத்தான்சேனையில் எங்கள் வீட்டில்தான் தங்குகிறான். ஆற்றுப் பாலம் கிட்ட. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அவன் வேலையை அவன் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரு கரையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை நட்டு, இடைத்தூரத்தை நாடாவால் அளந்து வைப்பான். பாலத்தில் கமராவை முக்காலியில் நிறுத்தி, ஓடும் தண்ணீரைப் படம் எடுப்பான். மிதக்கும் பொட்டுகள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்துக் கம்பியூட்டர் வேகம் சொல்லும். மேல் தண்ணீர் அடித் தண்ணீரைவிடக் கொஞ்சம் வேகமாகத் துள்ளும். அதனால் நூறு என்று வந்தால் எண்பத்தைந்து என்றே எடுப்பான். ஆழமும் அகலமும் முன்பே அளந்தவை. ஆகவே எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது வந்துவிடும். "ஆத்துல இறங்கத் தேவல்ல ராத்தா. முதலைக்கும் நமக்கும் பிரச்சினை இல்ல."

தெளிந்த தண்ணீரில் பொட்டு இருக்காது. அதற்குத்தான் உமி. முதலில் பொரி தூவினான். "சாப்பிடுற சாமான ஆத்துல கொட்டுறீங்களா மகன்?" என்று பாலத்தால் போன பெண்கள் கேட்டதும் நிறுத்தி, மிச்சப் பொரியை அவர்கள் கண்முன்னாலேயே தின்று முடித்தான்.

இந்தச் சிறுபோக வேளாண்மையில், பாலத்துக்குக் கீழே வயல் செய்யும் கீழ் வட்டைக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்றார்கள். மேல் வட்டைக்காரர்கள் போதிய அளவு போகிறது என்றார்கள். பாலத்தடியில் ஓடும் தண்ணீர், விவசாயிகள் கூட்டத்தில் பேசிய அளவைவிடக் குறைந்தால், பாலத்துக்கு மேலே வயல்களுக்குத் தண்ணீர் விடும் துருசுகளைப் பாதி பூட்ட வேண்டும். அவற்றில் ஒன்று என் கணவர் பதியுதீனுடைய வயலுக்குரியது. அளக்க வந்தவன் சாப்பிடுவதோ அவர் வீட்டில்.

ஒரு நாள் பின்னேரம் எல்லாரும் பார்த்து நிற்கச் சியாம் உமி தூவிப் படம் எடுத்தான். கம்பியூட்டரில் அம்புக்குறிகள் எல்லாம் மேற்கே காட்டின. கடலுக்குப் போகும் ஆறு மலைக்கு ஏறுகிறது என்று கணக்கு.

"ஆறு இங்கினியாகலைக் குளத்துக்கே திரும்பிப் போகுதாம்! அங்க என்னத்தையோ மறந்து வெச்சிட்டு வந்திரிக்கி," என்றார் என் கணவர். பாலத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் வந்தது, முக்காட்டுக்குள் விழுங்கிக்கொண்டேன்.

கீழ் வட்டை அச்சிமுகம்மது காக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, எனக்கு அம்பும் தெரியா, கணக்கும் தெரியா. வெள்ளாம குடலையில, கதிர் தள்ளப் போற நேரத்துல நிக்கிது. நாளைக்குத் தண்ணி வராட்டி எல்லாம் மணியில்லாத சப்பிதான். எங்களுக்குத் தண்ணி இரிக்கா, இல்லியா?"

"இப்ப சொல்லமாட்டன் காக்கா. ஆறு பிழையில்ல, உமிதான் பிழை. நாளைக்கு வெள்ளன திரும்ப எடுக்கிறன்."

வீட்டுக்கு வந்ததும் என் சட்டியில் தண்ணீர் நிரப்பி, உமி போட்டு, குசினித் தரையில் படுத்து ஊதினான். உமி விளிம்புக்கு ஓடியது. கடற்காற்றின் வேலை! தண்ணீர் கிழக்கே போக, மேலே மிதந்த காய்ந்த உமியைக் காற்று மேற்கே தள்ளியிருக்கிறது. அதே உமியை ஊறவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான்.

"மச்சான், என்ட மீனத் திண்டுட்டு என்ட துருசப் பூட்டிராத," என்றார் என் கணவர்.

"மீன் நல்லா இரிக்கி மச்சான்."

எழும்பிப் போய் மறுபடி ஊதினான். ஊறிய உமி தண்ணீருக்குள் முதுகைப் புதைத்துக்கொண்டு நின்றது. "பாத்தீங்களா ராத்தா, இவரு மரியாதையான உமி."

மறுநாள் காற்று எழும்ப முன் அந்த உமியைத் தூவிப் படம் எடுத்தான். அம்புகள் ஒழுங்காகக் கடலைக் காட்டின. பேசிய அளவைவிடத் தண்ணீர் நன்றாகக் குறைந்திருந்தது.

"மேல் துருசெல்லாம் பாதி பூட்டணும்," என்றான், என் கணவரின் முகத்தைப் பார்த்தே.

"பொஞ்சாதிட தம்பியெண்டு நினைச்சன். இவன் ஆத்துட தம்பி," என்று புறுபுறுத்தபடி அவர் போனார். தன்னுடைய துருசைத்தான் முதலில் பூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பாலத்தடியில் தண்ணீர் ஏறியது. பேசிய அளவு வந்துவிட்டதா என்று பார்க்கச் சியாம் திரும்பவும் கமராவை ஓடவிட்டான். அச்சிமுகம்மது காக்கா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்து, "என்ட வாப்பா!" என்று அவனைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். சியாமின் ஒரு கை அவர் முதுகைத் தடவியது. மறு கை அவர் தோளுக்கு மேலால் நீண்டு, ஆடத் தொடங்கிய முக்காலியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது.