வெளிநாடுகளைப் பூட்டிவைத்த பன்னிரண்டு நாட்கள்

1. கொக்குப் பார்த்த டொக்டர்

டொக்டர் கவிதாவின் பல் கிளினிக்குக்கு நான் முதல் முதலாகப் போனது ஒரு ஐப்பசி மழை நாளில். கிளிநொச்சியில், பெரிய வீதியிலிருந்து பிரியும் பெயரில்லாத ஒரு ஒழுங்கையில், வயலைப் பார்த்தபடி இருந்தது அந்தச் சின்னக் கட்டடம். உள்ளே புதுப் பெயின்ற் மணமும் கராம்பு எண்ணெய் மணமும் கலந்து கிடந்தன. நோயாளிகள் சாய்ந்து படுக்கிற கதிரையின் பொலித்தீன் உறையைக்கூட இன்னும் முழுதாகக் கழற்றவில்லை. அந்தக் கதிரையில் டொக்டர்தான் சாய்ந்திருந்தார். யன்னலுக்கு வெளியே வயலில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அக்கா. திறந்து மூண்டு கிழமை. ஒருத்தரும் வரேல்லை," என்றார்.

நான் வெப்சைற் செய்கிறவள். செய்வதோடு நிற்காமல், அதைத் தேடுபொறியின் கண்ணில் படவைப்பதும் என் வேலை. டொக்டர் தர்மபுரத்தில் வளர்ந்தவர். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். கொழும்பில் பெயர்போன ஒரு கிளினிக்கில் இருந்தவர், ஊர்ப்பக்கம் வேலை செய்யவேண்டும் என்று வந்துவிட்டார்.

"மாசி முடியுமட்டும் பாப்பன். ஆக்கள் வராட்டி கொழும்புக்கே போயிடுவன். அங்க இன்னும் எனக்கு இடம் வைச்சிருக்கினம். ஆனா எனக்குப் போக விருப்பமில்லை அக்கா."

கடைசி வசனத்தை மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் முந்திவிடும். "நீங்கள் போகமாட்டியள் டொக்டர். நான் பாத்துக்கொள்ளுறன்," என்று சொல்லிவிட்டேன்.

2. ரோபோ வருகிற வழி

புது வெப்சைற்றைப் போட்ட உடனே தேடுபொறி காட்டிவிடாது. அதனுடைய ரோபோ, அதாவது தானாக ஓடுகிற ஒரு புரோகிராம், வந்து பக்கங்களை வாசித்து, தன் பட்டியலில் சேர்க்கவேண்டும். அதற்கு வழிகாட்ட, பக்கங்களை வரிசையாகச் சொல்லும் சைற்மப் ஒன்று கொடுத்தேன். மழை நாளில் இங்கே சிக்னல் நொண்டும் என்பதால் படங்களை எல்லாம் சின்னதாக்கினேன். போனில் வழி காட்டுகிற மப்பில் கிளினிக்கைப் பதியவும் பார்த்தேன். ஒழுங்கைக்குப் பெயர் இல்லாததால் அது இழுபட்டுக்கொண்டே போனது. ஆக, ஆட்கள் எங்களைக் கண்டுபிடிக்க வெப்சைற் ஒன்றுதான் வாசல்.

ஒரு பக்கத்துக்கு 'வேர்ச் சிகிச்சை' என்று அழகாகத் தலைப்பு வைத்திருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த சாந்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆரக்கா வேர்ச் சிகிச்சை எண்டு தேடுவினம்? பல்லு நோவை ஆக்கள் பல்லுக்கொதி எண்டுதான் சொல்லுவினம், அதைப் போடுங்கோ."

போட்டேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்கவேண்டியதுதான். நானும் கிளினிக்கின் யன்னலடியில் லப்ரொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயலும் வானமும் ஒரே நிறமாகக் கிடக்கும். அந்த ரோபோ எங்கேயோ ஒரு சந்தியில் பஸ்ஸால் இறங்கி, நனைந்த காலோடு ஒழுங்கை ஒழுங்கையாக எங்கள் பெயர்ப்பலகையைத் தேடி வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். இந்த வயதில் இப்படி யோசிக்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அது வந்தது. கார்த்திகை முடியத் தேடலில் நாங்கள் மூன்றாம் பக்கத்தில் இருந்தோம். மார்கழியில் இரண்டாம் பக்கம். பொங்கலுக்கு முதல் கிழமை முதற்பக்கத்தின் அடியில் கிளினிக்கின் பெயரைக் கண்டபோது, நானும் சாந்தியும் பிள்ளைகள் மாதிரிக் கைதட்டினோம். ஒரு நாளைக்கு மூன்று பேர், நாலு பேர் என்று வரவும் தொடங்கினார்கள். பெரும்பாலும் வயதான அம்மாமார், ஐயாமார். அவர்களுக்கு எங்களைப் பற்றி யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

3. என்னுடைய மடத்தனம்

வெப்சைற்றுக்கு எந்த நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டுகிற உலகப்படம் ஒன்று இருக்கும். ஒருநாள் அதைத் திறந்தால் கனடாவில் புள்ளிகள், பிரான்சில் புள்ளிகள், சுவிசிலும் லண்டனிலும் புள்ளிகள். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு வடிவாக இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது. கிளிநொச்சியில் பல்லுப் பிடுங்க கனடாவிலிருந்து யார் பிளேன் ஏறி வரப்போகிறார்கள்? எல்லாம் வீணாக வந்து மேய்கிற குப்பை ரோபோக்கள்தான் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். இலங்கையைத் தவிர வேறு எந்த நாட்டிலிருந்தும் வெப்சைற் திறக்காதபடி சேவரில் பூட்டினேன். பெரிய வேலை ஒன்று முடித்த திருப்தியோடு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் தேடிப் பார்த்தால் எங்களைக் காணவில்லை. முதற்பக்கத்தில் இல்லை, மூன்றாம் பக்கத்தில் இல்லை, எங்குமே இல்லை. கிளினிக்குக்கு ஓடினேன். நோயாளிகள் காத்திருக்கிற வாங்குகள் வெறுமையாக இருந்தன. சாந்தி போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, ஆரோ வெப்சைற்றைப் பற்றிக் கேக்கினம். நீங்களே கதையுங்கோ."

"தங்கச்சி, உங்கட வெப்சைற் திறக்குதில்லை. கிளினிக்கை மூடிட்டியளோ?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது.

"இல்லை அண்ணை. எங்கயிருந்து கதைக்கிறியள்?"

"ரொறன்ரோவில இருந்து. அம்மா நாயாறில தனிய இருக்கிறா. வீடியோவில கதைக்கேக்க வாயைச் சீலையால மறைக்கிறா. ஏனெண்டு கேட்டாச் சொல்றாவில்லை. முன்பல்லு விழுந்திட்டுது போல. உங்கட நம்பரை முதலே எழுதி வைச்சனான், அதால எடுத்தன். பல்லுக் கட்டுவியளோ?"

"கட்டுவம் அண்ணை, அம்மாவை அனுப்புங்கோ," என்றபோதுதான், உலகப்படத்துப் புள்ளிகள் எல்லாம் இப்படியான பிள்ளைகள் என்று எனக்கு உறைத்தது. பிரான்சில் இருக்கிற என் அண்ணன்தான் அங்கிருந்து நெற்றில் தேடி, எங்கள் அம்மாவுக்குக் கண் டொக்டரிடம் நேரம் பதிந்து தந்தவர். அது போன வருடம், என் வீட்டிலேயே நடந்தது. அப்படியிருந்தும் பூட்டினேன். அதைவிடப் பெரிய மடத்தனம், தேடுபொறியின் ரோபோவும் வெளிநாட்டு சேவரிலிருந்துதான் வருகிறது. அது வந்து தட்டிப் பார்த்து, கதவு திறக்காததால் எங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருந்தது. இந்தத் தொழிலில் நேற்று வந்தவருக்கும் தெரிந்த விஷயம் இது.

4. நாலு திகதிகள்

அங்கேயே நின்று பூட்டைக் கழற்றினேன். பக்கங்களை மறுபடி வாசிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். பிறகு டொக்டரின் அறைக்குள் போனேன்.

"டொக்டர், பிழை என்ர. நான்தான் வெளிநாட்டைப் பூட்டினனான். திரும்பி வர எத்தினை நாள் எடுக்குமெண்டு சொல்லேலாது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மாசி பிறந்திட்டுது அக்கா. காலமை கொழும்பில இருந்து போன் எடுத்தவை. பங்குனி முதலாம் திகதி வாறன் எண்டு சொல்லிட்டன்."

நாயாற்று அம்மா அடுத்த கிழமை வந்தார். கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி, போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். போனுக்குள் மகன். அங்கே அவருக்குப் படுக்கிற நேரம். அம்மாவின் வாய்க்குள் அளவெடுக்கிற மாவை வைத்துவிட்டு டொக்டர் நின்றார்.

"அம்மா, நோகுதோ? அம்மா! ஏன் கதைக்கிறியள் இல்லை?" என்று மகன் பதறினார்.

"அவாவால இப்ப கதைக்கேலாது அண்ணா. வாய் நிறைய மா கிடக்கு," என்றார் டொக்டர். அந்த அம்மா மூக்கால் சிரித்தார்.

"எத்தினை தரம் வரோணும் டொக்டர்?"

"இண்டைக்கு அளவு. பிறகு கடிக்கிற பொருத்தம் பாக்க ஒருக்கா, மெழுகில வைச்சுப் பாக்க ஒருக்கா, பல்லைக் குடுக்க ஒருக்கா. நாலு தரம்."

"நாலு தரமும் நீங்கள்தானே பாப்பியள்? அவா புது ஆக்களிட்ட வாய் திறக்கமாட்டா."

மா இறுகியதும் டொக்டர் அதை மெல்லக் கழற்றினார், அந்த அம்மாவின் வாயோரத்தையும் நாடியையும் துடைத்துவிட்டார். பிறகு அட்டையில் அன்றையதோடு சேர்த்து நாலு திகதி எழுதினார். கடைசி இரண்டும் பங்குனியில் விழுந்தன. நான் அந்தத் திகதிகளை இரண்டு தரம் வாசித்தேன். அன்று பின்னேரம் அவர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கதைத்தது எனக்குக் கேட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் வரேல்லை. இஞ்ச ஒரு அம்மாவுக்குப் பல்லுக் கட்டத் தொடங்கிட்டன்."

நான் வெளியில் போய் ஒழுங்கையில் நின்று அழுதேன். எந்த வேலைக்குக் கிடைத்த காசும் இப்படி என்னை அழவைத்ததில்லை.

பங்குனி நடுவில் தேடலில் எங்கள் பெயர் திரும்பி வந்தது. உலகப்படத்தில் புள்ளிகளும் ஒவ்வொன்றாக வந்தன. அந்த அம்மாவின் நாலாவது நாளன்று நானும் கிளினிக்கில் நின்றேன். புதுப் பல்லோடு போனைத் தானே முகத்துக்கு நேரே பிடித்து, நாயாற்றில் இறால் படுவதிலிருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை விடாமல் கதைத்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்னடா தம்பி, பேசாமல் நிக்கிறாய்? லைன் கட்டாப் போச்சோ?" என்று போனை உலுக்கினார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கீவேர்ட் பற்றியும் லிங்க் பற்றியும் கேட்பார்கள். அவை எல்லாம் படித்தால் வரும். நான் எந்தக் கடைக்கு, எந்தக் கிளினிக்குக்கு வெப்சைற் செய்தாலும், தொடங்க முன்னர் அங்கே வருகிற பத்துப் பேரிடம் ஒரு கேள்வி கேட்பேன். இதை உங்களுக்குத் தேடிச் சொன்னது யார்? கிளிநொச்சியில் பாதிப் பேர் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு நாட்டின் பெயரையும் சொல்லுகிறார்கள்.