கடலைப் பார்க்கப் போகிறவர்

கணவாய்க்கு ஏறும் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பெர்னத் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டுகிறார். கை கயிற்றில் இருக்கும். கண் பின்னால் இருக்கும். யாரும் வரவில்லை என்றால் சந்தேகம் கூடுகிறது. பின்தொடர்கிறவன் ஒளிந்துகொண்டான் என்றுதானே அர்த்தம்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், வடக்கு மலையில் இருக்கும் எங்கள் ஊரில் அவர்தான் குழாய் ரிப்பேர்காரர். எந்த வீட்டுச் சுவருக்குள் எந்தக் குழாய் எப்படிப் போகிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். முதல் மழைக்குப் பிறகு தாம் எங்கே போகிறார் என்பதை மட்டும் மனைவி கொலோமாவிடம்கூடச் சொன்னதில்லை. "கணவாய்க்கு. சும்மா கடலைப் பாக்க."

அந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் எல்லோருக்குமே கடல்மேல் திடீர் ஆசை வந்துவிடும். பைன் சருகுக்கு அடியில் ரத்தக் காளான் முளைக்கிற காலம் அது. கத்தி பட்டால் செம்மஞ்சளாய்ப் பால் கசியும்; பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வதக்கினால் தெருவே மணக்கும். முளைக்கும் இடத்தைச் சொல்வதற்குப் பதில் வீட்டுச் சாவியையே கொடுத்துவிடலாம். அப்பா மகனுக்குச் சொல்வதுகூடச் சாகிற தறுவாயில்தான், அதிலும் பாதிதான்.

மலைக்குக் கிளம்பும்போது பெர்னத் வேஷம் கட்டுகிறார். வெளிநாட்டுப் பயணிகளின் அகலத் தொப்பி, கழுத்தில் என்றைக்கோ பழுதான கேமரா. கூடை முதுகுப் பைக்குள். எதிரே ஊர்க்காரர்கள் வந்தால் ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்கிறார். அவர்களும் மரியாதையாக ஜெர்மனிலேயே பதில் சொல்லிவிட்டு, "நாளைக்கு வந்து அந்த அடுப்படிக் குழாயைக் கொஞ்சம் பாத்துடு, பெர்னத்து" என்கிறார்கள்.

அவருக்கு முதல் எதிரி கொலோமாவின் தம்பி மெல்சியோர். ஞாயிறுதோறும் அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. "காளான் ஜோரா இருக்கு மாமா. எந்தப் பக்கத்துக் காத்துல வளந்ததோ?"

"உன் தட்டுலதான கெடக்கு, அதுகிட்டயே கேளு" என்பார் பெர்னத்.

அவனை ஏமாற்றவே பாதை பிரிகிற இடங்களில் கல் அடுக்கி வைக்கிறார். மலையேறுகிறவர்கள் வழி தெரிய அடுக்குவார்களே, அதே மாதிரிக் குவியல்கள்தான். ஆனால் இவருடையவை ஒரு பாழடைந்த ஆட்டுப்பட்டியில் கொண்டுபோய் விடும். முள்ளும் புழுக்கையும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

இந்த ஆண்டு அந்தப் பட்டியில் போய் நின்றவர் பெர்னத்தேதான். தாம் அடுக்கிய கல்லைத் தாமே நம்பிவிட்டார். முழங்கை வரை கீறலும் காலிக் கூடையுமாகத் திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மெல்சியோர் தட்டைப் பார்த்துவிட்டு, "கடல் எப்படி இருந்துச்சு மாமா?" என்று மட்டும் கேட்டானாம்.

எல்லாம் கொலோமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெர்னத்துக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிறது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரும் காளான் பொறுக்குகிறவர் என்பதால் பெர்னத் அதை முழுதாக நம்பவில்லை. ஆனாலும் கணக்கு அவருக்குப் புரிகிறது. கண் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அந்த இடம் அவரோடு போய்விடும். கூட்டிக்கொண்டு போனால் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். எது பெரிய இழப்பு என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை.

போன வாரம் என் கதவைத் தட்டினார். "உனக்குக் காளான் ஒத்துக்காதாமே, வாத்தியாரே?" ஒத்துக்கொள்ளாது. என்னிடம் கேட்பதற்கு முன் ஊரில் பலரிடம் விசாரித்திருக்கிறார். "அப்ப வா. கடலைப் பாத்துட்டு வரலாம்."

கணவாயில் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வாய் பிளந்து நின்றார்கள். பாறை செங்குத்தாக இறங்கி நீலத்தில் முடிகிற இடம் அது. அத்தனை பேரும் கடலைப் பார்க்க, பெர்னத் கடலுக்கு முதுகு காட்டி, அவர்களைத்தான் ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். அவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னை ஒரு பாறையில் உட்காரவைத்தார். "கடலைப் பாரு. திரும்பக் கூடாது."

பார்த்தேன். காலடிச் சத்தம் பின்னால் பைன் மரங்களுக்குள் போனது. சருகைக் கையால் துழாவுவது கேட்டது, நின்றது, வேறோர் இடத்தில் மறுபடி கேட்டது. ஒரு கல் உருண்டது. தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தை. கடலை அவ்வளவு நேரம் நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கையில் மண் இருந்தது, காளான் பாலின் செம்மஞ்சள் இல்லை.

"மெல்சியோர் அனுப்புனானா உன்னை?"

"நீங்கதானே கூப்ட்டீங்க."

அதையும் சற்று யோசித்துப் பார்த்தார். வந்த பாதையை ஒரு முறை நோட்டம் விட்டார்; அங்கே ஆள் நின்றிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு என் தோள்கள் இரண்டையும் பிடித்து, கடலிலிருந்து மெதுவாக, காட்டைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தார்.