சம்மந்தி வீட்டு மீன்தொட்டி மோட்டார்

வில்லியனூர்ப் பக்கத்து மோட்டார் மெக்கானிக்குகளில் தனிஸ்லாஸ் அளவுக்குப் பயந்தவர் வேறு யாரும் கிடையாது. இதை இழிவாகச் சொல்லவில்லை. பயப்படாத மெக்கானிக்குகள் அவரவர் வீட்டுச் சுவரில் மாலையோடு மாட்டப்பட்டிருக்கிறார்கள். தனிஸ்லாஸோ பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்து, டெஸ்டர்மேலும் நம்பிக்கை இல்லாமல் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார். சுற்றுவட்டாரக் கரும்புக் கொல்லை மோட்டார்களையெல்லாம் இந்த முறையில்தான் ரிப்பேர் செய்திருக்கிறார், உயிரோடு.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் மகள் ஜெயசீலியை மரியசுந்தரத்தின் மகனுக்குக் கேட்டு வந்தார்கள். மரியசுந்தரம் ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். மகனுக்கும் பிரெஞ்சு நாட்டுரிமை உண்டு. அப்படிப்பட்ட மாப்பிள்ளையின் மூக்கு முழியை விசாரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நிச்சயத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் மரியசுந்தரம் தனிஸ்லாஸை ஓரமாக அழைத்தார்.

"சம்மந்தி, நம்ம வூட்டு மீன்தொட்டி மோட்டார் கொரகொரன்னு கத்துது. வந்து ஒரு பார்வை பாருங்க."

கப்பலில் வந்த தொட்டி அது. மேலே கண்ணாடித் தொட்டி, கீழே பஞ்சு வைத்த இன்னொன்று. மேலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் பஞ்சில் வடிந்து கீழே சேரும்; அதை மறுபடி மேலே ஏற்றுவது கைமுஷ்டி அளவு மோட்டார். உள்ளே நாலு தங்கமீன். மாப்பிள்ளையின் தாயார் அந்தோணி மேரி தினமும் செபமாலை முடிந்ததும் அவற்றுக்குத் தீனி போடுவார். மீன் செத்தால் சம்பந்தமும் செத்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால்தான் தனிஸ்லாஸ் ஒரு தடவைக்கு மூன்று தடவையாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மோட்டாரைக் கழற்றினார். தண்ணீரைத் தள்ளும் குட்டிச் சக்கரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தார். தேய்ந்த புஷ்ஷை மாற்றினார். வாஷரை சைக்கிள் ட்யூபில் வெட்டிப் போட்டார். அந்தோணி மேரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு, மீன்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்மந்தி, கை நடுங்குது?"

"வயசும்மா."

"பொண்ணுக்கும் இந்த நடுக்கம் உண்டா?"

"இல்லம்மா. அது அவங்க அம்மா மாதிரி. அவங்களப் பாத்துதான் நானே நடுங்குறது."

பீஸைச் சொருகினார். மோட்டார் சுற்றியது, தண்ணீர் ஏறவில்லை. எங்கோ காற்று இழுத்தது. கொல்லை மோட்டார் இப்படி அடம்பிடித்தால் சாணியைக் கரைத்து அதன் வாயில் ஊற்றுவது எங்கள் ஊர் வைத்தியம். கசிகிற இடத்தையெல்லாம் சாணி அடைத்துக்கொள்ளும். தனிஸ்லாஸின் மூளை மீன்களுக்காகப் பயந்துகொண்டிருந்ததால், கை தன் வேலையைத் தானே பார்த்தது. மாட்டுக் கொட்டகைக்குப் போனார், ஒரு சொம்பில் கரைத்தார், ஊற்றினார், சுவிட்சைப் போட்டார்.

தண்ணீர் பிரமாதமாக ஏறியது. பச்சையாக ஏறியது.

மீன்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அல்ஜீரியாவில் குண்டுகளுக்கு நடுவே நின்ற மரியசுந்தரம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தோணி மேரி எழுந்தார்.

"இன்னா ஊத்துனீங்க?"

பொய் சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டும். "பசுஞ்சாணிம்மா," என்றார் தனிஸ்லாஸ். "எருமை இல்ல."

மோட்டாரை நிறுத்தினால் சாணி மீன்களோடேயே தங்கிவிடும். ஓடவிட்டால் பஞ்சில் வடியும். ஆனால் பஞ்சு அடைக்க அடைக்கப் பிழிந்தாக வேண்டும், கரண்டு ஓடும்போதே, ஈரத்தில் கைவிட்டு. தனிஸ்லாஸ் அந்தோணி மேரியின் முகத்தைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். இரண்டில் கரண்டே சாதுவாகத் தெரிந்தது. கண்ணை மூடிக் கையை விட்டார்.

பிழிந்தார், அலசினார், நல்ல தண்ணீர் ஊற்றினார், தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் பச்சை கஷாயமாகி, கஷாயம் டீயாகித் தெளிந்தது. மூன்று மீன் தெரிந்தது. நாலாவதைக் காணோம். தனிஸ்லாஸ் இன்னொரு தடவை எண்ணினார். கடைசியில் அது கூழாங்கல் மறைவிலிருந்து ஒரு சாணித் துணுக்கைச் சப்பியபடி நிதானமாக வந்தது.

"நம்ம வூட்டு ஆம்பளைங்க ஒருத்தனும் கரண்டு ஓடறப்ப அதுல கை வச்சதில்ல," என்றார் அந்தோணி மேரி, கதவைப் பார்த்தபடி. "நிச்சயத்துக்கு ஆக வேண்டியதப் பாருங்க. சம்மந்தி, இனிமே வாரா வாரம் நீங்களே வந்து இப்படிப் பிழிஞ்சு குடுத்துடுங்க. மோட்டார நிறுத்த வேணாம், மீனுக்கு மூச்சு முட்டும்."

ஜெயசீலி இப்போது பிரான்சில் சௌக்கியமாக இருக்கிறாள். அவள் தகப்பனார் சனிக்கிழமைதோறும் கோயிலில் செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்துவிட்டு, அங்கிருந்து நேரே சம்மந்தி வீட்டுக்குப் போகிறார்.